காவிப் படங்கு

2025 ஏப்ரல் 22, செவ்வாய்.
செய்தது: சுவரொட்டி மாதிரியைப் பார்த்தேன்.
பிழை: ஒரு படிவத்தில் காலியாக விட்டிருக்க வேண்டிய நிரல்களை நிரப்பிவிட்டேன். சிறிய பிழைதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தனுஷிகா பேனையை மூடினாள். பிறகு திறந்தாள். 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் அதன் மேலேயே மறுபடி 'சிறிய' என்று எழுதினாள்.

ஹட்டன் நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு அலுவலகச் செயலாளர் வகுப்பு நடக்கிறது. யாழ்ப்பாணத்து ரோகினி டீச்சர்தான் எடுக்கிறார். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அதில் அன்றைக்குச் செய்த பிழை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. மற்றப் பிள்ளைகள் வகுப்புக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிழையைக் கற்பனை செய்து எழுதுவார்கள். தனுஷிகாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் கொப்பியில் பிழைக்கு ஒதுக்கிய இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருப்பாள். "பிள்ளை, நீங்கள் கொஞ்சம் குறைச்சு எழுதலாம்" என்று டீச்சரே ஒருமுறை சொன்னார். அதையும் அன்றைய பிழையாகக் குறித்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவளைச் செயலாளராக வைத்துக்கொண்டால் எந்தக் குழுவும் உருப்படும் என்று நம்பித்தான் ஜீவராணி அக்கா அவளைக் கூப்பிட்டார்.

வட்டவளைக்கு மேலே இருக்கும் பாறைக்கட்டுத் தோட்டத்தில் ஜீவராணி கொழுந்து எடுக்கிறவர். நாற்பத்து நான்கு வயது. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் தலைகாட்டும் பெரிய மனிதர்கள் மீது வெறுப்பு வந்து, பிரதேச சபைக்குத் தானே ஒரு சுயேச்சைக் குழுவைக் களமிறக்கினார். சின்னம் கேத்தல், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி. பட்டியலில் பெயர்கள் பல இருந்தாலும் உண்மையில் வேலை செய்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் மூன்றாவது பெயர் அந்தோணியம்மா.

அந்தோணியம்மாவைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கொழுந்துக் கொட்டகையான மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோவைக் கழிப்பார்கள். கழிப்பதில் ஒரு கிலோ கூடினாலும் தராசுக்கு முன்னால் நின்று சத்தம் போடுகிற ஒரே ஆள் அவர்தான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவருக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் நிறை சரியாக விழும். அதனால் மடுவத்து வரிசையில் அவருக்குப் பின்னால் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடக்கும். இவரை விட்டால் வேறு யாரைத் தேர்தலில் நிறுத்துவது?

குழுவிடம் ஆள் இருந்தது, வாய் இருந்தது. வாகனம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நோட்டீஸ் அடிக்க வழியும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் போன சனிக்கிழமை மேல் லயத்து வாசலில் அந்த வேன் வந்து நின்றது.

வேனில் பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. இறங்கியவர் கஜேந்திரன். கொழும்புக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் காவிச் சால்வை, காலில் பால்வெள்ளைச் சப்பாத்து. தர்மக்காவல் பேரவையின் மத்திய மலைநாட்டு அமைப்பாளர் என்று சொன்னார். அந்தப் பேரவையைப் பற்றி அதற்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை. மலைநாட்டுக்கு ஒரு அமைப்பாளர் இருக்கிறார் என்பது மலைநாட்டுக்கே அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

"என் மலையகச் சொந்தங்களே!" என்று ஆரம்பித்தார். நேரில் பத்தடி தூரத்தில் நிற்பவர்களிடம் ஒலிவாங்கியில் பேசினார். "இருநூறு வருஷமாக உங்கள் இரத்தத்தை உறிஞ்சியவர்கள்..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மீனம்மா குறுக்கிட்டாள். மீனம்மா தனுஷிகாவின் தாய்.

"தம்பி, கொஞ்சம் காலப் பாருங்க. இப்பயே ஒண்ணு உறிஞ்சிக்கிட்டு இருக்கு."

வெள்ளைச் சப்பாத்துக்கு மேலே, காலுறையில், அட்டை ஒன்று கொழுத்துத் தொங்கியது. கஜேந்திரன் போட்ட சத்தம் ஒலிவாங்கி வழியாகக் கீழ் டிவிஷன் வரைக்கும் கேட்டது. அந்தோணியம்மாதான் ஓடிப்போய்ச் சவர்க்காரத் துண்டு எடுத்து வந்து, அவர் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து, தேய்த்து எடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. அதுக்குக் கொழும்பு, ஹட்டன்னெல்லாம் தெரியாது. ரத்தம் இருந்தாப் போதும்."

"நன்றியம்மா, நன்றி. தாய்மை என்றால் இதுதான்" என்றார் கஜேந்திரன். அவர் ஆள் அதைப் படமும் எடுத்துக்கொண்டான்.

பிறகு வேனின் பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே கட்டுக்கட்டாகப் படங்கு.

கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டிக்கொள்ளும் தடித்த பொலித்தீன் விரிப்புத்தான் படங்கு. செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமல் இருக்க அது வேண்டும். தோட்ட நிர்வாகம் படங்கு கொடுத்து இரண்டு வருடமாகிறது. பெண்கள் உரச்சாக்கைப் பிரித்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். ஈரம் ஊறி, தொடையில் புண் வந்து, இருமல் வந்து எல்லாம் ஆயிற்று. இப்போது இருநூற்று நாற்பது புதுப் படங்குகள், கண்ணைப் பறிக்கும் காவி நிறத்தில், கீழ்ப்பக்கம் பேரவையின் பெயரோடும் சூலத்தோடும் வந்து இறங்கின. அதற்குக் கீழே ஒரு வரி: 'நம் மலை, நம் மதம்.'

அந்த வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாமல் அல்ல. தோட்டத்துக்கு வருகிற எதிலும் ஏதாவது அச்சடித்துத்தான் இருக்கும். குடையில் வங்கியின் பெயர், தொப்பியில் சவர்க்காரக் கம்பனியின் பெயர், பிள்ளைகளின் பையில் பிஸ்கட்டின் பெயர். மழைக்குப் பிடிக்கிற குடையை நின்று வாசித்துக்கொண்டிருப்பார்களா?

இதே போல இன்னொரு பழக்கமும் உண்டு. தோட்டத்தில் எது கொடுத்தாலும் முதலில் ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால்தான் சாமான் கைக்கு வரும். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்டால் வரிசை நகராது. பாட்டன் பெருவிரலை அழுத்திய காலத்திலிருந்து அதுதான் நடைமுறை.

கஜேந்திரனும் ஒரு தாளை நீட்டினார். "இது சும்மா ஒரு சம்பிரதாயம். தேர்தல் செலவுச் சட்டத்துக்கு நாங்களும் பதிவு வைத்திருக்க வேண்டும் இல்லையா? உங்கள் வேட்பாளர்களின் விவரம் மட்டும்."

மற்றவர்கள் என்றால் அடியில் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுக் கொடுத்திருப்பார்கள். தனுஷிகா அப்படிச் செய்யவில்லை. அவள் அலுவலகச் செயலாளர் வகுப்புக்குப் போகிறவள். கல்லில் உட்கார்ந்து, தாளைக் கொப்பியின் மேல் வைத்து, ஆறு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், லயம், அதில் குடியிருக்கும் காம்பராவின் இலக்கம், தொலைபேசி எல்லாவற்றையும் பிசகில்லாமல் எழுதினாள். அடுத்த நிரல் 'மதம்'. எழுதினாள். அதற்கும் அடுத்தது 'முன்னைய மதம் (மாறியிருந்தால்)'. அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். ஐந்து பேருக்குக் கோடு போட்டாள். அந்தோணியம்மாவுக்கு நேராகக் கோடு போடலாமா என்று சந்தேகம் வந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதக் கூடாதல்லவா? ஆகவே தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: 'கேட்டு அறிவிக்கப்படும்.'

கஜேந்திரன் வாங்கிப் பார்த்தார். "அற்புதம் தங்கச்சி! இப்படி நிரப்பிய படிவத்தை இதுவரை எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை" என்றார். அன்றைக்கு முழுவதும் தனுஷிகாவுக்குக் கால் தரையில் படவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன்னால் ஹட்டன் பஸ் நிலையத்தருகே ஒரு தேநீர்க்கடையில் கஜேந்திரன் அவளுக்காகக் காத்திருந்தார். கைத்தொலைபேசியில் சுவரொட்டி மாதிரியைக் காட்டினார். கேத்தலிலிருந்து கிளம்பிய ஆவி ஓம் வடிவத்தில் சுருண்டிருந்தது. கேத்தலின் மூக்கு சூலமாகியிருந்தது. அதில் தண்ணீர் ஊற்றினால் மூன்று பக்கமும் கொட்டும் என்று தனுஷிகாவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. முகங்களை எண்ணினாள். ஐந்து.

"ஒரு படம் குறையுதுங்க."

"குறையவில்லை, சரி செய்திருக்கிறோம்" என்றார் கஜேந்திரன் சிரித்துக்கொண்டே. "பட்டியலில் இருந்து பெயரை இனி எடுக்க முடியாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா நோட்டீஸில் வேண்டாம், மேடையில் வேண்டாம். ஞாயிறு கூட்டத்துக்கு எங்கள் சுவாமிஜி வருகிறார். ஒலிபெருக்கி, வேன், சாப்பாடு எல்லாம் பேரவை பார்த்துக்கொள்ளும். சுவாமிஜி ஏறுகிற மேடையில் மதம் மாறிய ஆட்கள் ஏறினால் அழகில்லை."

"அவங்க மாறலைங்க. பாட்டன் திருச்சியில இருந்து வரும்போதே வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்கதான்."

"அப்படி நீங்கள் எழுதவில்லையே தங்கச்சி. 'கேட்டு அறிவிக்கப்படும்' என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்? நாங்களே கேட்டுக்கொள்கிறோம். காம்பரா இலக்கம்தான் இருக்கிறதே."

தேநீர் வந்தது. அவள் குடிக்கவில்லை. வகுப்பில் அன்றைக்குக் கடிதங்களைக் கோப்பிடும் முறை நடந்தது. ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சுவாமிஜியின் காணொளிகளைத் தேடிப் பார்த்தாள். முதலாவதில் சுவாமிஜி பசுவுக்குப் பழம் கொடுத்தார். இரண்டாவதில் முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்குகிறவன் தன் தாயை விற்கிறவன் என்றார். மூன்றாவதில் ஏதோ ஒரு தோட்டத்து ஜெபவீடு. கூரைத் தகரம் எல்லாம் கழற்றி முற்றத்தில் அடுக்கியிருந்தது. ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் நின்று அதைப் பார்த்தாள். பின்னணியில் சுவாமிஜியின் குரல்: "இது ஆரம்பம்தான். எங்களிடம் பட்டியல் இருக்கிறது."

தனுஷிகா தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். தான் நிரப்பிய தாளும் அதிலிருந்த தன் கையெழுத்தும் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றன. எவ்வளவு அழகான கையெழுத்து!

வீட்டுக்கு வந்துதான் அந்த நாட்குறிப்பை எழுதினாள்.

புதன்கிழமை மலையில் வேலை விட்டதும், ஐந்து மணிக்குப் பிள்ளை மடுவத்தில் கூடினார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்க்கிற அறை அது. உட்காருவதற்குக் குழந்தைகளின் குட்டை நாற்காலிகள்தான். அதில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து பிரதேச சபையைப் பிடிப்பது பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஜீவராணி, அந்தோணியம்மா, மற்ற வேட்பாளர்கள், மீனம்மாவோடு சில பெண்கள். கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமியும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற கங்காணி. அவர் மட்டும் நாற்காலியில் உட்காராமல், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

தனுஷிகா பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஒன்று, நடந்தது. இரண்டு, என் பிழை. மூன்று, பரிகாரம். மூன்றுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காணொளியையும் காட்டினாள். 'கேட்டு அறிவிக்கப்படும்' என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

தொலைபேசி கைமாறிப் போய் அவளிடமே திரும்பி வந்தது.

"அடியே" என்றார் அந்தோணியம்மா. "என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. முந்தி என்னா மதம்? கொழுந்து. இப்ப என்னா மதம்? கொழுந்து. மலைக்குப் போகாத ஞாயித்துக்கிழமை மட்டும் வேதம்."

சிலர் சிரித்தார்கள். தனுஷிகாவால் சிரிக்க முடியவில்லை.

செல்லசாமி தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. இப்ப சாமர்த்தியமாப் பாக்கணும். அந்தோணியம்மாவ யாரு வேணாங்குறது? ஒரு நாளு, ஒரு மேடை. ஏறாட்டி என்னா? வேன் வருது, ஸ்பீக்கர் வருது, கோயிலுக்கு மண்டபம்கூடக் கட்டித் தாறேன்னு அந்தத் தம்பி என்கிட்ட சொல்லியிருக்காரு. நம்ம சாமிக்குத்தான குடுக்குறாங்க?"

"தலைவரே, உங்ககிட்ட எப்ப சொன்னாரு?" என்று கேட்டார் ஜீவராணி.

"அது... சனிக்கிழமையே. தனியா."

"பாத்தீங்களா! தனியாச் சொல்ல வேண்டிய மண்டபமா அது?"

"நீ கோபப்படாத ஜீவராணி. இந்த மாரியில ஒரு ஆளு நமக்கு ஒரு துண்டுப் பொலித்தீன் குடுத்தானா? அவங்க குடுத்தாங்க. அந்தத் தம்பி நம்மள நெனைக்கிறாரு."

"என்னா நெனைக்கிறாரு? சம்பளத்தப் பத்தி ஒரு வார்த்த கேட்டாரா? காணி பத்திக் கேட்டாரா? லயம் ஒழுகுறதப் பாத்தாரா? நான் கேட்டேன் தலைவரே. 'அதெல்லாம் உலகியல் பிரச்சினை'ன்னாரு. என் தலையில சொட்டுற தண்ணி உலகியலாம். அந்தோணியம்மா எந்தச் சாமியக் கும்புடுதுங்குறது மட்டும் அவரு பிரச்சினையாம்."

அப்போதுதான் அந்தோணியம்மா அந்தச் சொல்லைச் சொன்னார். மெதுவாக, யாருடைய முகத்தையும் பார்க்காமல். "நான் வேணும்னா மேடைக்கு வரல ஜீவராணி. நெசமாத்தான் சொல்றேன். படங்கு நல்லாயிருக்கு. இந்த மூணு நாளா எனக்குத் தொடையில எரிச்சல் இல்ல. எல்லாருக்கும் அப்பிடித்தான. ஒரு ஆளுக்காக எல்லாரையும் நனைய வைக்கக் கூடாது."

தனுஷிகா அவர் இடுப்பைப் பார்த்தாள். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். காவிப் படங்கை அவிழ்க்கக்கூட இல்லை. சூலத்துக்கு மேலே கொழுந்துக் கறை. 'நம் மலை, நம் மதம்' என்ற வரியைக் கட்டிக்கொண்டுதான் மூன்று நாளாக மலையேறியிருக்கிறார். அந்த வரியை அச்சடித்தவர்கள் நினைத்தது வேறு ஆளை.

ஜீவராணி குட்டை நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது, இடுப்பில் சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"எண்பத்திமூணு கலவரத்தப்ப எனக்கு ரெண்டு வயசு. எங்கப்பா சொல்லுவாரு. டவுன்ல கடைகளுக்கு நெருப்பு வச்சவங்க கையில தாள் இருந்துச்சாம். எந்தக் கடை யாருது, எந்த வீட்டுல யாருன்னு. அத எழுதிக் குடுத்ததும் நம்மள மாதிரி எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளாத்தான் இருக்கும். அன்னைக்கு அந்தத் தாள்ல நம்ம பேரு இருந்துச்சு. இன்னைக்கு நம்ம பேர விட்டுட்டாங்கன்னு சந்தோசப்படச் சொல்றீங்களா தலைவரே?"

செல்லசாமி தொட்டியின் விளிம்பில் அசைந்து உட்கார்ந்தார்.

"அந்தோணியம்மா மேடையில இருக்கும். நடுவுல. நோட்டீஸ்ல மொதப் படம் அதோடது. வேனும் வேணாம், ஸ்பீக்கரும் வேணாம், மண்டபமும் வேணாம். படங்கு திருப்பிப் போகுது."

"எப்பிடிப் போகும்?" என்றார் செல்லசாமி. இந்த முறை அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "வெட்டிட்டீங்களேம்மா!"

அதுதான் விஷயம். படங்கு கைக்கு வந்த அன்று மாலையே வெட்டிவிடுவார்கள். கட்டை ஆள், நெட்டை ஆள் எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வருவதை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அவரவர் கணுக்காலுக்கு அளந்து அறுத்துக்கொள்வார்கள். அறுத்த துண்டு வீணாகாது. தொட்டில் பிள்ளைக்குக் கீழே போடலாம், விறகை மூடலாம், ஒழுகும் தகரத்துக்குள் செருகலாம். ஏறக்குறைய எல்லாமே அறுபட்டு, அறுத்த துண்டுகள் மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை கூரைகளில் பூத்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் பேரவை தோட்டத்தையே பிடித்துவிட்டதுபோலத்தான் தெரிந்தது. செல்லசாமியின் ஆட்டுப்பட்டி ஒன்றுக்கு மட்டும் முழுசாக மூன்று போயிருந்தது.

"வெட்டுனது வெட்டுனதாவே போகட்டும்" என்றார் ஜீவராணி. "கறையோட போகட்டும். ஆட்டுப்புழுக்கையோட இருக்குறது அப்பிடியே போகட்டும். சரிதானுங்களே தலைவரே?"

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் அல்ல. மீனம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் படங்கை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"அம்மா, அதத் திருப்பிக் குடுக்கணும்."

"குடு. ஒன் கையெழுத்தக் குடு. என் படங்கக் கேக்காத" என்றாள் மீனம்மா. "நீ வகுப்புல காத்தாடிக்குக் கீழ உக்காந்துருக்க. எழுதுனது நீ, நனையிறது நானா?"

நியாயமான கேள்வி என்பதால் தனுஷிகா அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை வகுப்புக்குப் போகும் வழியில் கஜேந்திரனுக்கு அழைப்பு எடுத்தாள். வகுப்பில் படித்த மாதிரி வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"வணக்கம். பாறைக்கட்டுத் தோட்டக் கேத்தல் சுயேச்சைக் குழுவின் செயலாளர் பேசுகிறேன். தங்கள் பேரவை வழங்கிய பொருட்களையும் வழங்க முன்வந்த உதவிகளையும் எங்கள் குழு ஏற்றுக்கொள்வதில்லை என்று தீர்மானித்துள்ளது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தங்கள் சுவாமிஜியை நாங்கள் அழைக்கவில்லை."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. "தங்கச்சி, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறீர்கள்."

"நான்தாங்க எழுதினேன்."

"சரி. வேன் ஒன்றுக்கு இரண்டாகத் தருகிறோம்."

"வேணாங்க."

"படங்கு திருப்பி எடுப்பதாக இருந்தால் வாங்கிய நிலையில் இருக்க வேண்டும்."

"வெட்டியிருக்கு. கறை பட்டிருக்கு. சிலதுல ஆடு படுத்திருக்கு. அப்பிடியேதான் வரும்."

கஜேந்திரன் இப்போது சிரிக்கவில்லை. "தோற்கப் போகிறீர்கள். உங்களை மதமாற்றக் கும்பல் என்று நாளைக்கே முகநூலில் போடுவேன். ஒரு கிறிஸ்தவப் பொம்பிளைக்காக நம் சொந்தங்களை மழையில் விட்டவர்கள் என்று போடுவேன்."

"போடுங்க" என்றாள் தனுஷிகா. குரல் நடுங்கியது. நடுங்குகிறதே என்று நினைத்ததும் இன்னும் நடுங்கியது. "அதோட இன்னொண்ணுங்க. நான் நெரப்புன தாள் எனக்குத் திருப்பி வேணும்."

"அதற்கென்ன, தாளைத் தருகிறேன். ஸ்கேன் செய்தாகிவிட்டதே."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. தனுஷிகா பஸ் நிலையத்தருகே அதே தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தாள். படங்கைத் திருப்பிக் கொடுக்கலாம். வேனைத் திருப்பி அனுப்பலாம். காம்பரா இலக்கத்தைத் திருப்பி வாங்க முடியாது. வகுப்புக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராக அந்தோணியம்மாவின் காம்பராவுக்குப் போய் அதைச் சொன்னாள்.

அந்தோணியம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் மாவை விரலில் உருட்டினார்.

"ஆக, அவங்களுக்கு என் வீடு தெரியும்."

"ஆமாங்க அக்கா."

"என் வீட்டு வழியும் தெரியுமா? அந்தப் படியேறணும். நடுவுல அட்ட இருக்கு." அவர் சிரித்தார், ஆனால் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தனுஷிகா அதைக் கவனித்தாள். "பக்கத்துக் காம்பராக்காரங்களுக்கு நீயே போய்ச் சொல்லு புள்ள. இங்க வெளியாள் யாரு வந்தாலும் ஒரு சத்தம் குடுக்கச் சொல்லு. என் சத்தம் மட்டும் போதாது."

தனுஷிகா அந்த லயத்தின் மற்றப் பன்னிரண்டு காம்பராவிலும் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் முதலில் தன் பிழையைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். ஒன்பது வீட்டில் "நாங்க பாத்துக்கிறோம் போ" என்றார்கள். இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக் கூரையில் காவித் துண்டு செருகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மீனம்மா ஒரு பழைய உரச்சாக்கை மடியில் விரித்து, கவ்வாத்துக் கத்தியால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தும் பார்க்காததுபோலச் சொன்னாள்.

"என்னாத்தப் பாக்குற? இது சும்மா கெடந்துச்சு, பிரிக்கிறேன். படங்க இன்னும் குடுக்கல. நாளைக்குக் காலைல பேர் கூப்புடுற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால வந்து கேளு. அப்பப் பாக்கலாம்."

தனுஷிகா கொப்பியை எடுத்தாள்.

2025 ஏப்ரல் 24, வியாழன்.
செய்தது: உதவியை ஏற்க மறுத்துப் பேரவைக்கு அறிவித்தேன். அந்தோணியம்மா அக்காவிடமும் அவர் லயத்தில் பதினொரு வீட்டிலும் நடந்ததைச் சொன்னேன். பன்னிரண்டாவது வீடு மிச்சம்.
பிழை: படிவத்தைப் பற்றி 22ஆம் திகதி 'சிறிய பிழை' என்று எழுதியது.
நாளை: காலை ஐந்தே முக்காலுக்கு மேல் டிவிஷன் பெரட்டுக் களத்தில் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிந்ததும், மலைக்கு ஆட்களைப் பிரிப்பதற்கு முன்னால், படங்குகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். முதலில் அம்மாவிடம்.